பத்தொன்பது சிவப்புச் சீட்டுகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பெஹாலாவில் எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் குடையை இரண்டு முறை பார்த்தார். பாலிகஞ்சில் இறங்கும்வரை கைப்பிடியை நான் விடவில்லை.

தீர்ப்புத் தொகுதிகள் வைத்திருக்கும் ரிப்போர்ட் அறையில் மூன்று இடத்தில் ஒழுகல். வாளி வைத்தாயிற்று. ஐந்தாவது அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்த வேண்டும். ஆள் கேட்டு எழுதியது இதோடு மூன்றாவது தடவை.

மத்தியானம் ஒரு விஷயம். பின்னால் ஆதாரமாகத் தேவைப்படலாம், அதனால் விவரமாக எழுதி வைக்கிறேன்.

நான்காம் ஆண்டு மாணவி அனன்யா, மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தயார் செய்கிறவள், வீட்டு வாடகைத் தீர்ப்பு ஒன்றின் நகலோடு வந்தாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பழைய தீர்ப்பு. பிறகு வந்த பெரிய பெஞ்ச் அது தவறு என்று தள்ளிவிட்டது. இதைக் காட்டி வாதாடினால் ஜட்ஜ் சிரிப்பார், முதல் பக்கத்தில் சிவப்புச் சீட்டு இருக்குமே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். சீட்டு எதுவும் இல்லை என்றாள்.

போய்ப் பார்த்தேன். இல்லை. கோந்து காய்ந்த தடம் மட்டும் விரல் நீளத்துக்குப் பழுப்பாக.

என் சீட்டு அது. இந்தச் சட்டக் கல்லூரி நூலகத்துக்கு வந்து இருபத்தாறு வருஷம். மேல்கோர்ட்டு தள்ளிவிட்ட தீர்ப்பு எதுவோ, அதன் முதல் பக்கத்தில் சிவப்புக் காகிதம். 'செல்லாது' என்று ஒரு சொல், தள்ளியது எந்தத் தீர்ப்பு என்று கீழே ஒரு வரி. கறுப்பு மையில் என் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அச்சில் வரும் திருத்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒட்டியது. வக்கீலாகிவிட்ட பழைய பிள்ளைகள் இன்றைக்கும் போன் பண்ணி, "மூர்த்தி-தா, இதுல லால் சீட்டு இருக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பார்கள்.

யாரோ பிய்த்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். காபிப் பால் திரிந்த மாதிரி ஒரு நாள்.

நான்கு அலமாரி பார்த்து முடித்தேன். சீட்டு போன இடம் 11. யாருடைய வேலை?

1) ஈரத்தில் தானாக விழுந்திருக்கலாம். இல்லை. விழுந்தால் தரையில் கிடக்கும். தாளும் கிழியவில்லை, நனைத்துப் பொறுமையாக உரித்த மாதிரி இருக்கிறது.
2) பூச்சி. பூச்சிக்குச் சிவப்பு மட்டும்தான் பிடிக்குமா?
3) மாணவர்கள். அவர்கள் தொகுதியைத் திறந்தே பல மாதம் ஆகிறது. கம்ப்யூட்டர் போதும்.
4) சுபா.

சுபாவைப் பற்றி. வந்து இரண்டு வருஷம். ஒப்பந்த வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடிப்பாள். பெண் குழந்தை ஒன்று, மூன்றாம் வகுப்பு. புருஷன் வேலை அசாமிலோ எங்கேயோ. ஆன்லைன் தீர்ப்புத் தளத்தில் பிள்ளைகளுக்குத் தேடிக் கொடுப்பது இவள் பொறுப்பு. எனக்கு எதிர் மேசை.

ரிப்போர்ட் அறைச் சாவி இருவரிடம்தான். நான் ஒன்று. அவள் ஒன்று.

இந்த மாதக் கடைசியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் குழு இருபத்தொன்றாம் தேதி. பிரிவுத் தலைவர் என்ற முறையில் ரகசியக் குறிப்பு (சிஆர்) எழுத வேண்டியவன் நான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று அந்த ஆன்லைன் கம்பெனி ஆள் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இலவசப் பேனாக்கள். என் மேசையிலும் இரண்டு வைத்தான். தொடவில்லை. மாலையில் பார்த்தால் ஒன்று காணோம். பியூனாக இருக்கும். இருக்கட்டும்.

பதினொன்றரைக்கு அவனும் சு.வும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில். நான் சிகரெட் பிடிக்கிறவனில்லை, ஆனாலும் அந்தப் பக்கம் போனேன். காதில் விழுந்தது இவ்வளவுதான்:

அவன் வங்காளத்தில்: "செப்டம்பருக்குள்ள முடிச்சிடலாமா?"

அவள்: "முடிச்சிடலாம். மூர்த்தி சார் மட்டும் ஒத்துக்கணும்."

என்னத்தை முடிப்பது? நான் எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்?

எனக்குப் புரிகிறது. ரிப்போர்ட் அறையைக் காலி பண்ணி, கண்ணாடிச் சுவர் வைத்து, பிள்ளைகள் கூடிப் பேசும் அறையாக்கப் போகிறார்கள் என்று போன வருஷத்திலிருந்தே பேச்சு. நூலகர் சான்யால் இரண்டு தடவை சூசகமாகக் கேட்டார், "மூர்த்தி, இந்தத் தொகுதியெல்லாம் இப்ப யார் தொடறாங்க?" என்று. தொகுதியில் இருக்கிற சீட்டை எடுத்துவிட்டால் தொகுதிக்கு என்ன மதிப்பு? கம்ப்யூட்டரில் இல்லாத ஒன்று இந்த அறையில் உண்டென்றால் அது என் சீட்டுதான். அதை உரித்துவிட்டால் மிச்சம் பழைய காகிதம். எடைக்குப் போடலாம்.

அதற்குக் கூலியாகக் கம்பெனியில் ஒரு வேலை பேசி வைத்திருப்பாள். கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 9, சனி

லேக் மார்க்கெட். மனைவி கமலாவோடு. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், காபிப் பொடி, அப்பளம் இரண்டு கட்டு. முருங்கைக்காய் முற்றல். கடைக்காரர் இளசு என்று சத்தியம் பண்ணினார். சத்தியம் பண்ணும்போதே தெரிந்தது.

காபிப் பொடிக் கடை வாசலில் சு., கையைப் பிடித்தபடி பெண் குழந்தை. ராக்கி வாங்க வந்தார்களாம். கமலாவிடம் கரக்பூரில் இருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாள். குழந்தை என்னைப் பார்த்து அவள் காதில் ஏதோ கேட்டது. "இவர்தான் சீட்டு தாத்தாவா?" என்று கேட்கிறாள் என்று சு. சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டில் என் சீட்டைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. குறித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மெதுவாக, "சார், அந்த சிஆர் ஃபார்ம் உங்க கிட்ட வந்துடுச்சா? புதன்கிழமைக்குள்ள போகணுமாம். ஸ்கூல்ல இவளுக்கு ஃபீஸ் கட்டணும்... வேலை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும், அதான்" என்றாள். வந்திருக்கிறது, பார்க்கிறேன் என்றேன்.

வீட்டில் முறுக்கைத் தொடவில்லை.

கமலா: "ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க?"

நான்: "எதுக்குக் கொடுத்தான்னு தெரியுமா உனக்கு?"

கமலா: "முறுக்கு எதுக்குக் கொடுப்பாங்க, திங்கத்தான். பால்காரன் மேல சந்தேகம், மீன்காரி மேல சந்தேகம், இப்ப முறுக்கு மேலயும் வந்தாச்சு."

நாங்கள் மீனே வாங்குவதில்லை. பக்கத்து வீட்டு தத்தா வாசலில் மீன்காரி உட்காருவாள், எங்கள் பூந்தொட்டியை எண்ணிப் பார்ப்பாள். அதைத்தான் சொல்கிறாள்.

பொட்டலம் சாயங்காலத்துக்குள் காலி. நல்லா இருந்ததாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுதலாமா வேண்டாமா. எழுதுகிறேன்.

நான்கு மணிக்கு சு. டீ குடிக்கப் போனாள். அவள் மேசையின் இரண்டாவது டிராயரைத் திறந்தேன். பூட்டியிருக்கவில்லை. உள்ளே சீப்பு, சேஃப்டி பின், தலைவலி மாத்திரை, குழந்தை வரைந்த யானை. அதற்கடியில் பழுப்பு உறை. உறைக்குள் என் சீட்டுகள்.

பத்தொன்பது. இரண்டு தடவை எண்ணினேன்.

ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலில் ஒரு எண். ஏழெட்டு இலக்கம். தொகுதி எண் இல்லை, பக்க எண் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு குறியீட்டை நான் பார்த்ததில்லை. கம்பெனி கொடுத்த சரக்கு எண்ணாக இருக்க வேண்டும். எந்தத் தொகுதி போகிறது, எது வருகிறது என்று அவர்களுக்குள் கணக்கு.

முன்புறமும் பின்புறமும் இருப்பதை ஒரு தாளில் அவசரமாகப் படியெடுத்தேன். உறையை இருந்த இடத்திலேயே வைத்தேன். யானைப் படத்தை மேலே வைத்தேன்.

திரும்பி வந்தவள் எனக்கும் ஒரு மண் குவளை டீ கொண்டுவந்திருந்தாள். குவளை சுட்டது. குடித்தேன். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரகசியக் குறிப்பு எழுதியாயிற்று.

வருகை: நன்று. வேலைத் திறன்: நன்று. மாணவர்களோடு பழகும் முறை: மிக நன்று. இதெல்லாம் உண்மை, உண்மையை மறைக்க மாட்டேன். கடைசிக் கட்டம், நேர்மை. அங்கே ஆங்கிலத்தில் இரண்டே சொல்: இன்டெக்ரிட்டி டவுட்ஃபுல்.

அலுவலகத்தில் குப்பை கொட்டிய எவனுக்கும் அந்த இரண்டு சொல்லின் அர்த்தம் தெரியும். திறமை குறைவு என்று எழுதினால் இன்னொரு வருஷம் கொடுப்பார்கள். நேர்மை சந்தேகம் என்று எழுதினால் இங்கே மட்டும் இல்லை, எங்கேயும் வேலை கிடைக்காது. கேட்கிற இடத்திலெல்லாம் கோப்பு போகும்.

அரக்கு முத்திரை வைத்து சான்யால் அறையில் கொடுத்தேன். திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. கான்டீனில் வாங்கிய கச்சோரியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

சான்யால் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"மூர்த்தி, இது சாதாரண விஷயம் இல்ல. குழு ஆதாரம் கேக்கும். என்ன சேதம்னு ஒரு பட்டியல் வேணும். எந்தத் தீர்ப்பு, எந்தச் சீட்டு, அந்தச் சீட்டு சரியானதுதான்னு சான்று. அது இல்லாம இந்த வார்த்தைய நான் மேல அனுப்ப முடியாது."

இருபதுக்குள் தருகிறேன் என்றேன். பத்தொன்பது சீட்டு. ஒவ்வொன்றும் சரியென்று காட்ட எனக்கு அரை நாள் போதும்.

சான்யாலையும் நம்ப முடியாது. அவருக்கு அறை காலியாக வேண்டும். அவளைக் காப்பாற்றப் பார்க்கிறாரோ? ஆதாரம் கேட்கிற தோரணையே அப்படித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. சந்து முனையில் கொடி, லவுட் ஸ்பீக்கர், பிள்ளைகளுக்கு ஜிலேபி. தண்ணீர் வடிந்துவிட்டது, சேறு இருக்கிறது.

படியெடுத்த தாளை வைத்துப் பட்டியல் தயார் செய்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு. நான்கு கட்டம். கமலா பின்னால் வந்து நின்றாள். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "அவ டிராயர நீங்க எதுக்குத் திறந்தீங்க?" என்றாள்.

ஆதாரத்துக்கு என்றேன்.

"ஏன் உரிச்சேன்னு அவ கிட்டயே கேட்டுட்டா என்ன?"

திருடனிடம் போய்க் கேட்பார்களா என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் மட்டும். அப்பளம் பொரிக்கவில்லை. இரண்டு கட்டு வாங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சு. லீவு. குழந்தைக்குக் காய்ச்சலாம். (உண்மையா? போன் குரலில் இருமல் சத்தம் கேட்டது, குழந்தை இருமல்தான்.)

முதல் சீட்டு: அனன்யாவின் வாடகைத் தீர்ப்பு. சரியென்று காட்ட, திருத்தப் பட்டியலின் கடைசி இதழை எடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தையது. அதோடு அச்சு இதழ் வருவது நின்றுவிட்டது, கல்லூரி சந்தாவை நிறுத்தியது. எனக்குத் தெரியாததில்லை. புதுச் சீட்டு ஒட்ட முடியவில்லை என்ற வருத்தம் இருந்ததே தவிர, ஒட்டிய சீட்டைப் பற்றி யோசித்ததில்லை. ஒரு தடவை தள்ளிய தீர்ப்பு தள்ளியதுதானே, இனி என்ன என்றிருந்தேன்.

ஆனால் குழுவிடம் மூன்று வருஷத்துப் பழைய தாளை நீட்ட முடியாது. அவர்களில் இரண்டு பேர் வக்கீல். இன்றைய தேதிக்குச் சான்று வேண்டும். வேறு வழியில்லாமல் அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பாஸ்வேர்ட் ஒரு துண்டுத் தாளில் மானிட்டரிலேயே ஒட்டியிருக்கிறது. இதை வேறு மறைக்கவில்லை.

தேடும் கட்டத்தில் என்ன அடிப்பது என்று தெரியவில்லை. கட்சிக்காரர் பெயரை அடித்தேன், ஆயிரக்கணக்கில் வந்தது. சும்மா, விளையாட்டாகத்தான், சீட்டின் பின்னால் இருந்த பென்சில் எண்ணை அடித்தேன்.

ஒரு தீர்ப்பு திறந்தது.

அது சரக்கு எண் இல்லை. அந்தத் தளத்தில் ஒவ்வொரு தீர்ப்புக்கும் உள்ள எண். திறந்தது போன வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. படித்தேன். இருபத்திரண்டு பக்கம். பதினெட்டாம் பக்கத்தில்: முன்பு அந்தப் பெரிய பெஞ்ச் சொன்னது சரியல்ல, பழைய வாடகைத் தீர்ப்பில் சொன்னதே சட்டம், அது மீண்டும் நிற்கிறது.

அப்படியானால் 'செல்லாது' என்று நான் ஒட்டிய சீட்டுத்தான் செல்லாது.

மூன்று தடவை படித்தேன். ஒருவேளை இது ஒன்று மட்டும் இப்படி இருக்கலாம். இரண்டாவது எண் நாளைக்கு.

இல்லை, நாளைக்கு இல்லை. இரண்டாவது எண்ணையும் அடித்துப் பார்த்துவிட்டேன். அதே கதை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பத்தரையிலிருந்து ஐந்தேமுக்கால். சாப்பிடப் போகவில்லை.

பத்தொன்பதும் பார்த்தாயிற்று. ஏதாவது ஒன்றாவது அவள் தவறாக உரித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். அசிங்கமான வேண்டுதல். எழுதி வைக்கிறேன்.

தள்ளிய தீர்ப்பையே பிறகு வந்த தீர்ப்பு தள்ளி, பழையது உயிர் பெற்றது: 9.
ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தள்ளியது, மற்றதெல்லாம் நிற்கிறது. நான் முழுத் தீர்ப்புக்கும் சீட்டு: 6.
சட்டத்தையே மாற்றிவிட்டார்கள், இனி தள்ளியது, தள்ளப்பட்டது இரண்டுமே பேச்சில்லை: 4.
தவறாக உரித்தது: இல்லை.

அவள் கையில் பிழை ஒன்றும் இல்லை. என் பட்டியலின் நாலாவது கட்டம், 'சீட்டு சரியானது என்பதற்குச் சான்று', மேலிருந்து கீழ் வரை காலி. ஸ்கேல் வைத்து நேராகப் போட்ட கோடு.

இப்போது ஞாபகம் வருகிறது. வந்த முதல் மாதமோ இரண்டாம் மாதமோ, ஒரு தொகுதியைத் திறந்து என் மேசையில் வைத்து, "சார், இந்தச் சீட்டு இப்ப பொருந்தாதுன்னு நினைக்கிறேன், ஒரு தடவை பாக்கறீங்களா?" என்றாள். நான் தலை நிமிரவில்லை. "நீ காலேஜ் படிக்கிறதுக்கு முன்னாடியே நான் ஒட்ட ஆரம்பிச்சவன்" என்றேன். பக்கத்தில் மாணவர்கள் இருந்தார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தொகுதியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எதையும் என்னிடம் கேட்டதில்லை.

மாலையில் அனன்யாவைப் பிடித்து, அந்த வாடகைத் தீர்ப்பைத் தாராளமாகக் காட்டலாம், நான் சொன்னது தப்பு என்றேன். எனக்கு வங்காளம் நன்றாக வரும், இருந்தும் வாக்கியம் பாதியில் நின்றது. அவள், "அன்னிக்கே சுபா-தி சொல்லிட்டாங்க. உங்க கிட்ட சொல்ல வேணாம், நீங்க வருத்தப்படுவீங்கன்னும் சொன்னாங்க" என்றாள்.

டீக்கடைப் பேச்சுக்கும் விளக்கம் கிடைத்தது, கேட்காமலே. நோட்டீஸ் பலகையில் இருக்கிறது: செப்டம்பரில் நூலக ஊழியர்களுக்கு அந்தக் கம்பெனியின் ஆன்லைன் தேடல் பயிற்சி. பயிற்சி பெறுவோர் பெயரில் முதலாவது என் பெயர், பக்கத்தில் பென்சிலில் கேள்விக்குறி. பத்து நாளாகத் தொங்குகிறது. தினமும் அதைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ராத்திரி தூக்கமில்லை. கமலாவிடம் காலையில் சொன்னேன். "சொல்லிட்டீங்கள்ல, போய்ச் சரி பண்ணுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சான்யாலிடம் போய், குறிப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். குழு நாளைக்கு என்பதால் உறை நேற்றே ரிஜிஸ்ட்ரார் அலுவலகம் போய்விட்டது என்றார். என்னுடைய பட்டியல் பின்னால் வரும் என்று அடிக்குறிப்பும் போட்டு அனுப்பியிருக்கிறார். இனி எடுக்க முடியாது. அதன் மேல் இன்னொரு கடிதம் வைக்கலாம், காரணத்தோடு.

என்ன காரணம் என்று கேட்டார். சொன்னேன். பத்தொன்பதும் என் பிழை. சீட்டு காலாவதி. அவள் எடுத்தது சரி.

கண்ணாடியைத் துடைத்தார்.

"மூர்த்தி, யோசிச்சுக்க. இதை எழுத்துல கொடுத்தா ரிப்போர்ட் அறைக்கு என்ன ஆகும்னு தெரியுமா? நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், இந்தத் தொகுதிய நம்பி யாரும் வாதாட முடியாதுன்னு. நாளைக்கே ஆள் வந்து அளவெடுப்பான். வேணும்னா, தவறான புரிதல், வாபஸ்னு ஒரு வரி கொடு. போதும்."

ஒரு வரி போதுமா என்று கேட்டேன். அவளுக்கா, உனக்கா என்றார். அவளுக்கு என்றேன். அவர் பொய் சொல்லவில்லை. "அவளுக்குப் போதாது. காரணம் இல்லாம வாபஸ்னா, நீ பயந்துட்டன்னு நினைப்பாங்க. அந்த இரண்டு வார்த்தை கோப்புல இருக்கும்."

இந்த மனிதரை ஒரு வருஷமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். சீட்டுகள் ஒட்டியது நான். மூன்று வருஷமாகச் சரிபார்க்காதது நான். சுபா எடுத்துக் கூறியபோது கேட்க மறுத்தது நான். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய டிராயரைத் திறந்து உறையைப் பார்த்தது நான். நேர்மை என்ற கட்டத்தில் எழுதியது முழுத் தவறு, அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது 'ஐயத்துக்கு இடமில்லை'.

டிராயர் வரியை விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. அதை விட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்காகத்தான் எழுதினேன். வேறு உயர்ந்த காரணம் இல்லை.

ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்கினேன். மணி 4.10.

ரிப்போர்ட் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒழுகல் இல்லை. வாளிகளைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

குழு பதினொன்றுக்கு. சு. உள்ளே போனது 11.40. வெளியே வந்தது 12.15. என்னைக் கூப்பிடவில்லை.

என் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினார்கள் என்று சான்யால் சொன்னார். முழுக்கவா என்றேன். முழுக்க என்றார். இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள், ஒருமனதாக.

அறை விஷயம்: பூஜை விடுமுறை முடிந்ததும் அளவெடுப்பு. எதிர்பார்த்ததுதான்.

சு. மத்தியானம் முழுக்க மாணவர்களோடு. என் பக்கம் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, பார்த்தாள், தலையசைத்தாள். நான் எழுந்து போய்ப் பேச வேண்டும். மூன்று தடவை எழுந்தேன். ஒரு தடவை தண்ணீர் குடித்தேன், ஒரு தடவை ஜன்னல் சாத்தினேன், மூன்றாவது தடவை சும்மா உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்கு அவள் கிளம்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். குடையை எங்கே வைத்தேன் என்று இறங்கிய பிறகுதான் யோசித்தேன், பஸ்ஸிலேயே போயிற்று.

பதினொரு மணிக்கு அவளே வந்தாள். கையில் ஒரு ஃபார்ம். குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி என்றேன். இறங்கிவிட்டது என்றாள். அப்புறம் நான் சொன்னேன். தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. "தப்பு பண்ணிட்டேம்மா" என்று மட்டும் வந்தது.

"தெரியும் சார். படிச்சுக் காட்டினாங்க. நீங்க அதையெல்லாம் எழுதியிருக்க வேண்டியதே இல்ல. ரொம்ப நன்றி" என்றாள். நன்றி என்றதை உண்மையாகத்தான் சொன்னாள். அது இன்னும் மோசம்.

எடுத்த சீட்டையெல்லாம் ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

"உங்க கையெழுத்து சார். நான் தப்பா எடுத்திருந்தா திருப்பி ஒட்டணும்ல. எப்பவாவது உட்கார்ந்து ஒண்ணொண்ணா உங்க கூடப் பாக்கலாம்னு வெச்சிருந்தேன்."

பிறகு ஃபார்மை நீட்டினாள். இரண்டாம் மாடிப் பட்டியல் பிரிவுக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பம். பிரிவுத் தலைவர் கையெழுத்து வேண்டும்.

எதற்கு என்றேன். அறை போகப் போகிறது, என் மேசையும் எங்கேயோ போகும், அதுவரை இன்னும் நாலு மாதம்தானே, இருந்துவிடேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"கோவம் இல்ல சார், நிஜமா இல்ல. வீட்டுல மாசிமா கிட்டயும் சொல்லுங்க, அம்மா வந்தா முறுக்கு கொடுத்து விடறேன்" என்றாள். "ஆனா நேத்து டீ குடிக்கப் போகும்போது டிராயரப் பூட்டினேன் சார். பூட்டிட்டுப் பாதி வழியில திரும்பி வந்து, பூட்டியிருக்கான்னு இழுத்துப் பாத்தேன். ரெண்டு வருஷத்துல ஒரு நாள் கூட அப்படிப் பண்ணதில்ல. எனக்கு அப்படி இருக்க வராது சார்."

கையெழுத்துப் போட்டேன்.